பெரிய குடும்பத்துல உங்களுக்கு இதுதான் மொத கிறிஸ்மஸா? அப்ப இத படிச்சிட்டு போங்க

புதுசா கல்யாணமாகி சேலம் பக்கம் ஒரு பெரிய கிறிஸ்தவ குடும்பத்துக்குள்ள வந்திருக்கற மருமகள், மருமகன், இல்ல லீவுக்கு பிரெண்டு வீட்டுக்கு வர்றேன்னு வாய் குடுத்து மாட்டிக்கிட்ட ஹாஸ்டல் புள்ளைங்க, உங்களுக்காகத்தான் இத எழுதறேன். நான் அரிசிபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தவ. மாமனார் கூடப்பொறந்தவங்க, அவங்க புள்ளைங்க, பேரப்புள்ளைங்க, ஏற்காட்டுல காபி தோட்டம் வச்சிருக்கற சின்ன மாமனார் குடும்பம்னு எல்லாரும் கூடுனா நாப்பது தலைக்கு மேல தேறும். வீட்ல பாத்ரூம் ரெண்டு. மிச்சத்த நீங்களே யோசிச்சுக்கோங்க.

வெளிய இருந்து பாக்கறப்ப யாருமே எதையும் பிளான் பண்ணாம ஆளாளுக்கு கத்திக்கிட்டு இருக்கற மாதிரிதான் தெரியும், ஆனா அப்படி இல்லைங்க. கல்கல்னு எண்ணெல பொரிக்கற இனிப்புக்கு மாவு பெரிய அத்தை கை, பிரியாணி பெரிய மாமா கை, இயேசு பொறந்த மாட்டுக்கொட்டாய சொரூபம் வச்சு காட்டற குடில் பசங்க கை, சாவிக்கொத்து ஆயா இடுப்பு. இத யாரும் எழுதி வைக்கல, ஆனா புதுசா வந்தவங்க தெரியாம அதுல கை வச்சா மூஞ்சி தூக்கிப்பாங்க. அதுக்காக சும்மாவும் நிக்க முடியாது, வேலை இல்லாம நிக்கறவங்க கைல நேரா அஞ்சு கிலோ சின்ன வெங்காயம்தான் வந்து உக்காரும். அதனால நான் சொல்ற ஒரே ரகசியம், யாரும் ஆசப்படாத ஒரு வேலைய முன்னாடியே போயி உங்க பேர்ல புடிச்சுக்கோங்க. பாய் தலையணை கணக்கு, அக்கம்பக்கத்துக்கு பலகாரத் தட்டு அனுப்பறது, சின்னப் புள்ளைங்க டிரஸ்ஸ பேர் போட்டு அடுக்கி வைக்கறது, இப்படி ஏதாச்சும் ஒண்ணு. நான் தட்டு வேலைய எடுத்துக்கிட்டேன், அது இப்ப வரைக்கும் என் ராஜ்ஜியம்தான், மாமியாரே எங்கிட்ட கேட்டுத்தான் முறுக்கு எடுப்பாங்க.

அக்டோபர், நவம்பர்லயே முடிக்க வேண்டியது

ட்ரெயின் டிக்கெட்டு. இப்ப அறுபது நாளைக்கு முன்னாடிதான் புக்கிங் தொறக்கறாங்க, அப்ப டிசம்பர் 23 கிளம்பணும்னா அக்டோபர் 24 காலைல எட்டு மணிக்கே போனும் கையுமா உக்காந்துடணும். சென்னை, பெங்களூர்ல இருந்து வர்றவங்க சூரமங்கலத்துல ஜங்ஷன்ல எறங்கற நேரத்த குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க, யாரு கூட்டிட்டு வர்றதுங்கற பஞ்சாயத்து ராத்திரி ரெண்டு மணிக்கு நடக்காம இருக்கும்.

ரெண்டாவது டெய்லர். தீபாவளி முடிஞ்ச கையோட பிளவுஸ் துணிய குடுத்துடுங்க, 24ஆம் தேதி சாயங்காலம் டெய்லர் கடை வாசல்ல ஹூக் வைக்காத பிளவுஸ வாங்கிட்டு வர்ற கதை எல்லா வீட்லயும் உண்டு. எல்லாரும் ஒரே கலர்ல போடணும்னு இப்ப இளசுங்க ஆரம்பிச்சிருக்காங்க, கலர் முடிவாகறதுக்கே ரெண்டு வாரம் ஆகும், அதுல நீங்க வாயே தொறக்காதீங்க, என்ன கலர் சொன்னாலும் சூப்பர்னு ஒரு தம்ஸ் அப் போட்டுட்டு போங்க.

மூணாவது கேக்குக்கு பழம் ஊறப் போடறது. கிஸ்மிஸ், கருப்பு திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃபுரூட்டி, செர்ரி, ஆரஞ்சுத் தோல் சீவல், எல்லாம் பொடிசா நறுக்கி கண்ணாடி ஜாடில போட்டு ரம் ஊத்தி மூடி வச்சிடுவாங்க. ரம் வேண்டாங்கற வீட்ல ஆரஞ்சு ஜூஸ் இல்ல திராட்சை ஜூஸ், ஆனா ஜூஸ்னா மாசக்கணக்குல வெளிய வைக்கக் கூடாது, கேக்கு சுடறதுக்கு முந்தின வாரம் ஊறப் போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, இல்லன்னா நொதிச்சுப் போயிடும். ஈரக் கரண்டிய ஜாடிக்குள்ள விடாதீங்க.

கிஃப்டு விஷயம் ஒண்ணு. நாப்பது பேருக்கும் வாங்கணும்னு நெனச்சா சொத்த எழுதி வைக்கணும். சீட்டு குலுக்கி ஆளுக்கு ஒருத்தருன்னு போட்டுக்கோங்க, எரநூறு ரூபாய்க்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு ரூல். கைக்குழந்தைக்கு மட்டும் விலக்கு, மொத கிறிஸ்மஸ்னா எங்கூர்ல வெள்ளிக் கொலுசுதான், ஊரு பூரா கொலுசு செய்யற ஊர்ல இருந்துக்கிட்டு வேற என்ன வாங்கறது, செவ்வாய்ப்பேட்டைல ஒரு நடை போயிட்டு வந்துடுங்க.

ஸ்டாரும் குடிலும்

கிறிஸ்மஸுக்கு தயாராகற திருவருகைக்காலம் ஆரம்பிச்ச ஞாயித்துக்கிழமையே, அதாவது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவுல, கோயில்ல நாலு மெழுகுவர்த்தி வளையம் வச்சிடுவாங்க, மூணு ஊதா ஒண்ணு ரோஸ், வாரம் ஒண்ணா ஏத்திக்கிட்டு போவாங்க. அன்னைல இருந்து வீட்ல ஸ்டார் எப்பன்னு பசங்க அரிக்க ஆரம்பிச்சிடுவாங்க. மொட்டை மாடில கட்டற ஸ்டாருக்கு ஒரு டிப்ஸ், மார்கழிப் பனில பேப்பர் ஸ்டார் ஒரு ராத்திரில துவண்டு தொங்கிடும், ட்ரான்ஸ்பரண்ட் பாலிதீன் கவர் போட்டு மூடிடுங்க, அடில மட்டும் ஓட்டை விடுங்க. ஒயர் ஜாயிண்ட்டுல டேப் நல்லா சுத்தியிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் ஸ்விட்ச்ச போடுங்க.

குடிலுக்கு நெசமான வேலை டிசம்பர் 12, 13 வாக்குலயே ஆரம்பிக்கணும். பழைய தாம்பாளத்துல மண்ணு பரப்பி கேழ்வரகு தூவி, தெனம் தண்ணி தெளிச்சு நிழல்ல வச்சா 24ஆம் தேதிக்கு பெத்லகேம் புல்லு ரெடி. கடைல விக்கற பச்சை மேட்டு எனக்கு சுத்தமா பிடிக்காது, அது பெத்லகேமா தெரியாது, கிரிக்கெட் பிட்ச்சா தெரியும். பிரவுன் பேப்பர கசக்கி மலை, உடைஞ்ச கண்ணாடி குளம், மாட்டுக்கொட்டாய் இருக்கற வீட்ல கேட்டா ஒரு பிடி வைக்கோல். நடுவுல பசங்க பிளாஸ்டிக் ஜேசிபிய கொண்டாந்து நிறுத்துவாங்க, எடுக்கச் சொன்னா ரோடு போட வந்திருக்குன்னு பதில் வரும், விட்டுடுங்க. 1223ல அசிசி பிரான்சிஸ் மொத குடில் போட்டப்ப நெசமான மாட்டையும் கழுதையையும்தான் நிறுத்துனாராம், அதுக்கு ஜேசிபி ஒண்ணும் மோசமில்ல. சீரியல் லைட்டு மட்டும் வைக்கோல், பஞ்சு பக்கத்துல போகாம பாத்துக்கோங்க, ராத்திரி தூங்கப் போறப்ப பிளக்க பிடுங்கிடுங்க.

முக்கியமானது, குழந்தை இயேசு சொரூபத்த 24 நடுராத்திரி வரைக்கும் தீவனத் தொட்டில வைக்கக் கூடாது. அது ஆயா பீரோவுல இருக்கும். எல்லா சொரூபத்தயும் வச்சாச்சு, குழந்தைய காணோமேன்னு வீடு பூரா தேடாதீங்க.

கிறிஸ்மஸ் மரம் வைக்க, மலைக்கு கீழ இருக்கற ஊர்ல சவுக்குக் கிளை, எங்களுக்கு மட்டும் ஏற்காட்டுல இருந்து சைப்ரஸ் கிளை வரும். அது வர்றது 24 சாயங்காலம், ஏன்னா டிசம்பர்ல அங்க காபி பழம் பறிப்பு. செவந்த பழத்த பறிச்ச அன்னைக்கே பல்பர்ல போட்டு தோல எடுக்கணும், பழத்த அப்படியே விட்டுட்டு வந்தா வாடை அடிச்சுப் போயிடும்னு சின்ன மாமனார் வேலைய முடிக்காம மலைய விட்டு எறங்க மாட்டாரு. வர்றப்ப ஜீப்புல கிளை, கமலா ஆரஞ்சு மூட்டை, புது மிளகு, ரெண்டு நாயி எல்லாம் சேந்து வரும்.

பலகாரம் சுடற ராத்திரி

பசங்களுக்கு அரையாண்டுப் பரீட்சை முடியற வரைக்கும் எண்ணெச் சட்டி வைக்க முடியாது, அதனால 22, 23 ரெண்டு நாளுதான். மளிகை, வெல்லம் எல்லாம் லீ பஜார் பக்கம் மொத்தமா வாங்கறது லாபம். அதிரசத்துக்கு வெளேர்னு மின்னற வெல்லம் வேண்டாம், கொஞ்சம் கருத்தாப்ல இருக்கறத எடுங்க.

கல்கல்லுக்கு ஒரு கிலோ மைதாவுக்கு கால் கிலோ பொடிச்ச சர்க்கரை, நூறு கிராம் வெண்ணெய், ரெண்டு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேங்காயோட கெட்டிப் பால், பாலு மட்டும் மாவு கேக்கற அளவுக்கு கொஞ்சம் கொஞ்சமா. தளர்வா பிசைஞ்சா எண்ணெ குடிச்சிடும், பூரி மாவ விட கொஞ்சம் இறுக்கமா இருக்கணும், ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வைங்க. அப்புறம் ஹால் நடுவுல பேப்பர விரிச்சு எல்லாரும் சுத்தி உக்காந்து, சுண்டக்கா அளவு உருண்டைய முள்கரண்டி முதுகுல வச்சு அமுக்கி அப்படியே சுருட்டி எடுக்கணும், முள்கரண்டி பத்தலன்னா புதுச் சீப்பு. மாமனார்லருந்து யூகேஜி படிக்கறது வரைக்கும் இதுல கை வைக்கலாம், இங்க மட்டும் யாருக்கும் பட்டா கிடையாது. யூகேஜி உருட்டுனது மாவா சிலேட்டுக்குச்சியான்னு தெரியாது, அதையும் பொரிக்கணும்.

இங்கதான் உங்கள விசாரணை பண்ணுவாங்க, ரெடியா இருங்க. சம்பளம், சொந்த ஊரு, எந்தப் பங்குக் கோயில், அப்பா என்ன பண்றாரு எல்லாம் வரும், கடைசியா ஒரு பெரியம்மா கேப்பாங்க.

"என்னம்மா, விசேஷம் ஏதாச்சும் உண்டா?"

"உண்டுங்க பெரியம்மா, நாளன்னைக்கு கிறிஸ்மஸ்."

சிரிச்சிடுவாங்க, அதோட அந்த வருசத்துக்கு அந்தக் கேள்வி முடிஞ்சுது.

அச்சு முறுக்கு வேற மாதிரி, அது கூட்டத்துல செய்யற வேலையே இல்ல. பச்சரிசி மாவு, தேங்காப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள்ளு, தோசை மாவ விட நீர்க்க கரைச்சுக்கணும். புது அச்சா இருந்தா மொத நாள் ராத்திரியே எண்ணெல முக்கி வச்சிடுங்க, இல்லன்னா மாவு விடவே விடாது. அச்சு சூடான எண்ணெலயே கெடக்கணும், எடுத்து எண்ணெய வடிய விட்டு மாவுல முக்கால் பாகம் மட்டும் முக்கணும், முக்குனதும் ஸ்ஸ்னு ஒரு சத்தம் வரும், அந்த சத்தம் வரலன்னா அச்சு ஆறிடுச்சுன்னு அர்த்தம், மறுபடி எண்ணெல வைங்க. மேல் விளிம்பு வரைக்கும் மாவு ஏறிடுச்சுன்னா பூவு அச்சப் புடிச்சிக்கிட்டு கழலாது. சட்டில விட்டுட்டு ரெண்டு தடவ லேசா உதறுனா ஓரம் பிரிஞ்சு தானா நழுவி மிதக்கும். மொத நாலஞ்சு பிஞ்சுதான் வரும், அத சுத்தி நிக்கற பசங்க வாய்க்கு விட்டுட்டு ஆறாவதுல இருந்து எண்ணுங்க. எங்க வீட்ல இத ரெண்டாவது அத்தை தவிர யாரும் தொட மாட்டாங்க, அவங்க சுடறப்ப பக்கத்துல போயி பேச்சு குடுக்காதீங்க.

கேக்கு வீட்டு ஓவன்ல இத்தனை பேருக்கு ஆகாது. மாவ கலக்கி தெருமுனை பேக்கரில குடுத்து சுட்டு வாங்கறதுதான் வழக்கம். ட்ரே நீங்களே கொண்டு போங்க, பேர கோதுமை மாவால ஒட்டுன சீட்டுல எழுதாதீங்க, சூட்டுல கருகிடும், ட்ரேவோட வெளிப்பக்கம் ஆணியால கீறிடுங்க. 18ஆம் தேதிக்கு மேல பேக்கரில கூட்டம், முன்னாடியே சொல்லி நேரம் வாங்கிடுங்க. சர்க்கரைய கருக்கி பாகு காச்சறது மட்டும் பெரியவங்க கைல விடுங்க, கருகற சர்க்கரைல தண்ணி ஊத்தறப்ப குபீர்னு பொங்கித் தெறிக்கும், பச்சத்தண்ணி வேண்டாம், சுடுதண்ணி, அதுவும் அடுப்ப அணைச்சிட்டு தள்ளி நின்னு.

தட்டு அனுப்பறது

இது என் டிபார்ட்மெண்ட்ங்கறதால கொஞ்சம் கறாரா சொல்றேன். தீபாவளிக்கு அதிரசம் குடுத்த வீடு, ரம்ஜானுக்கு பிரியாணி குடுத்த வீடு, ஒண்ணு விடாம லிஸ்ட் போடணும். டிசம்பர்ல தெருவுல பாதிப் பேரு ஐயப்பனுக்கு மாலை போட்டு விரதத்துல இருப்பாங்க, மார்கழி பொறந்துட்டா கவுச்சி தொடாத வீடு இன்னும் கூடும், அந்த வீடுகளுக்கு முட்டை போட்ட கேக்கு, கல்கல் எல்லாம் போகக் கூடாது. டைமண்ட் கட்டு, கை முறுக்கு, அதிரசம், ரெண்டு ஆரஞ்சு, இத தனி சட்டில முட்டை மாவுக்கு முன்னாடியே பொரிச்சு தனி டப்பால எடுத்து வச்சிடணும். தட்டக் கொண்டு போறப்ப முட்டை போடாததுன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. முஸ்லிம் வீட்டுக்கு ரம் ஊத்துன கேக்கு கூடாது, சொல்லவே வேண்டியதில்ல. இந்த ஒரு வேலைய ஒழுங்கா பண்ணா தெருவுல எல்லாருக்கும் உங்க பேரு தெரிஞ்சிடும்.

கேரல்

அன்பியத்துல, அதாவது பங்குக் கோயிலோட ஏரியா ஜெபக் குழுவுல இருந்து கேரல் ரவுண்ட்ஸ் எட்டு மணிக்குன்னு சொல்லுவாங்க. பதினொன்றரைக்கு வருவாங்க. தூங்கிடாதீங்க, டிரம்மு சத்தத்துல எழுந்து நைட்டியோட வாசலுக்கு ஓடற மாதிரி ஆயிடும். சுக்கு காபி பிளாஸ்க்ல, காணிக்கை கவர்ல, ரெண்டும் ஜன்னல் ஓரமா ரெடியா இருக்கட்டும். கிறிஸ்மஸ் தாத்தா முகமூடிய பாத்தா சின்னதுங்க அலறும், இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு தூரமா நில்லுங்க, அந்த முகமூடிக்குள்ள வேர்த்து ஊத்திக்கிட்டு ஆடறது அநேகமா உங்க கொழுந்தனாராத்தான் இருப்பாரு.

24

அன்னைக்கு சாயங்காலம் வீட்ல அடுப்பு எரியாது. தட்டுவடை செட்டு பார்சல்தான், பீட்ரூட்டு கேரட்டு எல்லாம் துருவிப் போட்டு கார சட்னி வச்சு, ஆளுக்கு ரெண்டு பிளேட்டு. வயித்த ரொம்ப நெறைக்காதீங்க, ராத்திரி இன்னும் இருக்கு.

குளியல் வரிசை ஏழு மணிக்கே ஆரம்பிக்கும். வெளியூர்க்காரங்க, பெரியவங்க, குழந்தைங்க, அப்புறம் பொண்ணுங்க, கடைசியா ஆம்பளைங்க. ஆம்பளைங்களுக்கு சுடுதண்ணி இருக்காது, அதப் பத்தி யாரும் கவலப்பட மாட்டாங்க. துண்டுல ஒரு நூல் கட்டி அடையாளம் வச்சுக்கோங்க.

நடுராத்திரிப் பூசைக்கு குழந்தை இயேசு பேராலயத்துல உள்ள உக்காரணும்னா பத்தரைக்கே போயிடணும், வண்டிய வீட்லயே விட்டுட்டு நடந்து போறது உத்தமம். சால்வை, ஸ்வெட்டர், புள்ளைங்களுக்கு குல்லா கட்டாயம். கத்தோலிக்கரா இல்லாதவங்க கவனிங்க, எல்லாரும் எழுந்தா எழுந்திரிங்க, உக்காந்தா உக்காருங்க, அது போதும். உன்னதங்களிலே பாட்டு ஆரம்பிக்கறப்ப மணி எல்லாம் சேந்து அடிச்சு, தெரைய விலக்கி குழந்தைய காட்டுவாங்க, அந்த நேரம் போன தூக்கிப் புடிச்சு பின்னாடி இருக்கறவங்கள மறைக்காதீங்க. நற்கருணை, அதாவது சாமியார் குடுக்கற அப்பம், வாங்கற வரிசைல மட்டும் போகாம உக்காந்த எடத்துலயே இருங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. கடைசில குழந்தை சொரூபத்த முத்தி செய்ய, அதாவது முத்தம் குடுக்கப் போவாங்க, அதுக்கு தாராளமா போகலாம். செருப்ப எங்க விட்டீங்கன்னு மறக்காதீங்க.

வீட்டுக்கு வர்றப்ப ஒன்றரை, ரெண்டு ஆயிடும். ஆயா பீரோவத் தொறந்து குழந்தைய எடுத்து வீட்லயே சின்ன பேத்தி கைல குடுப்பாங்க, அது குடில்ல வைக்கும், எல்லாரும் ஒரு பாட்டு பாடுவாங்க, ஆளாளுக்கு ஒரு சுதில. அப்புறம் கேக்கு வெட்டு, ஏற்காட்டு காபி. அந்த நேரத்துல தூங்கலாம்னு நெனச்சீங்கன்னா பாய் கணக்கு யாரு கைல இருக்கோ அவங்கள இப்பவே போயி காக்கா புடிங்க.

25

மூணு மணிக்குத்தான் கண்ணு அசந்திருக்கும், நாலு மணிக்கு என் ஓரகத்தி எழுந்துடுவா. அவ பொறந்த வீடு சிஎஸ்ஐ, அதாவது கத்தோலிக்கம் இல்லாத தென்னிந்தியத் திருச்சபை, அவங்களுக்கு விடிகாலை அஞ்சு மணி ஆராதனைதான் கிறிஸ்மஸ், அதுக்கு போயிட்டுத்தான் வருவா. அவ கூட ஒரு தடவ போங்க, பாட்டு பிரமாதமா இருக்கும். கறிக்கடைக்குப் போற ஆளும் அதே நேரத்துலதான் கிளம்பணும், மொத நாளே சொல்லி வைக்கலன்னா தொடைக்கறி கிடைக்காது. டிஃபனுக்கு இட்லி, குடல் குழம்பு.

பிரியாணி, நாப்பது பேருக்கு அஞ்சு கிலோ சீரக சம்பா, ஆறு கிலோ மட்டன். பெரிய மாமா லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு கொல்லைல வெறகடுப்புகிட்ட நின்னாருன்னா அந்தப் பக்கம் உப்பு பாக்கக்கூட யாரும் போகக் கூடாது. ஊற வச்ச சீரக சம்பாவுக்கு ஒண்ணுக்கு ஒன்றரை தண்ணி, மட்டன் வெந்த தண்ணியையும் சேத்துத்தான் அந்தக் கணக்கு, இத மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு அவரு கேக்கறப்ப சரியாச் சொல்லுங்க, உங்க மேல ஒரு மரியாதை வரும். தம் போட்டப்புறம் மூடிய தொறந்து பாக்கற பழக்கம் உள்ளவங்கள கடைக்கு அனுப்பிடுங்க, தயிரு இல்லன்னு.

சாப்பாடு பந்தி வச்சு போடறது, மொத பந்தி புள்ளைங்க. பரிமாற நீங்களே போங்க, பரிமாறறவங்களுக்கு எலும்பு இல்லாத துண்டு எங்க இருக்குன்னு தெரியும்.

26

ஏற்காடு மலைக்குப் போலாம்னு யாராச்சும் ஆரம்பிப்பாங்க. இருபது கொண்டை ஊசி வளைவு, முந்தின நாள் பிரியாணி, பின் சீட்டுல ஏழு புள்ளைங்க, கணக்கு போட்டுக்கோங்க. எலுமிச்சம்பழம், பாலிதீன் கவர், ஒரு மாத்து டிரஸ் முன் சீட்டுலயே வைங்க. லீவு நாள்ல அடிவாரத்துல பத்து மணிக்கு மேல வண்டி வரிசை நிக்கும், காலைல ஏழுக்குள்ள ஏறிடுங்க, இல்லன்னா அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூர் வழியா போங்க, சுத்துதான், ஆனா கூட்டம் கம்மி. ஏரில போட்டிங் டிக்கெட்டுக்கு நிக்கறதுக்கு பதிலா சின்ன மாமனார் தோட்டத்துல புள்ளைங்கள எறக்கி விட்டோம்னா காபி பழம் பறிக்கறேன்னு ஆளுக்கு ஒரு கூடைய தூக்கிட்டு ஓடும், பச்சையையும் சேத்து உருவும், அவரு தலைல கைய வச்சிப்பாரு. பொழுது சாயறதுக்குள்ள எறங்கிடுங்க, சாயங்காலம் மூடுபனி எறங்கிடுச்சுன்னா முன்னாடி போற வண்டியே தெரியாது.

போறதுக்கு முன்னாடி வாடகை அண்டா, கரண்டி, பந்திப் பாய் எல்லாம் கடைல சேத்துட்டுப் போங்க, நாள் வாடகை ஏறும். குடில ஜனவரி 6, மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் பிரிக்க மாட்டாங்க, ராஜாக்கள அன்னைக்குத்தான் தொட்டி பக்கத்துல நகத்தி வைப்பாங்க. பிரிக்கறப்ப சொரூபங்கள பழைய வேட்டித் துணில தனித்தனியா சுத்துங்க, சீரியல் லைட்ட அட்டைல சுத்தி ஸ்விட்ச்சு போட்டு எரியுதான்னு பாத்துட்டு உள்ள வைங்க, டப்பா மேல மார்க்கர்ல என்ன இருக்குன்னு எழுதிடுங்க. குழந்தைய மட்டும் டப்பால போட்டுடாதீங்க, ஆயா கைல குடுத்துடுங்க.